செக்: ராஜாவில் ஆரம்பித்து ரசீதில் வந்து நின்ற சொல்

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகச் சற்றே திருத்தப்பட்டது.)

சொற்களோட வரலாற்றைப் பேசுற இந்தத் தொடர்ல, இன்னைக்கு நாம எடுத்திருக்கிறது ரொம்பச் சின்ன வார்த்தை. தமிழ்ல எழுதினா ரெண்டே எழுத்து. செக்.

இந்த வார்த்தையை ஒரு நாளைக்கு எத்தனை விதமா சொல்றோம்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. காலையில எழுந்ததும் போனை செக் பண்றோம். சுகர் இருக்கிறவங்க வாரம் ஒரு தடவை சுகர் செக் பண்றாங்க. ஊரைத் தாண்டினா செக்போஸ்ட். விமான நிலையத்துல செக்-இன். கடைக்குப் போனா கட்டம் போட்ட சட்டைக்குப் பேரு செக் சட்டை. வங்கியில கொடுக்கிறது செக். சதுரங்கப் பலகைக்கு முன்னாடி உட்கார்ந்தா எதிராளியைப் பார்த்து செக் சொல்றோம். பத்திரிகையைத் திறந்தா, அவருக்கு இவர் செக் வைத்தார்னு ஒரு அரசியல் தலைப்பு. அமெரிக்காவுல சாப்பிட்டு முடிச்சதும் பில்லுக்குப் பதிலா செக் கொண்டுவாங்கன்னு கேட்கிறாங்க.

தடுக்கிறதும் செக், சோதிக்கிறதும் செக், கட்டமும் செக், பணமும் செக். இதெல்லாம் தற்செயலா ஒரே மாதிரி ஒலிக்கிற வேற வேற சொற்களா, இல்ல ஒரே சொல்லோட பிள்ளைகளா? கிட்டத்தட்ட எல்லாமே ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தோட மூதாதை ஒரு ராஜா.

ராஜா வந்த வழி

கதை நம்ம பக்கத்துலதான் தொடங்குது. வட இந்தியாவுல, ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டு வாக்குல, சதுரங்கம்ங்கிற விளையாட்டு உருவாகியிருக்கணும்கிறது பெரும்பாலான வரலாற்றாளர்களோட முடிவு. சதுர் அங்கம், அதாவது நாலு உறுப்பு. தேர், யானை, குதிரை, காலாள். நாம நால்வகைப் படைன்னு சொல்றது அதேதான்.

இங்கேயிருந்து விளையாட்டு பாரசீகத்துக்குப் போச்சு. அங்கே அதுக்குப் பேரு சத்ரங். பாரசீகத்தை அரபுகள் பிடிச்ச பிறகு அவங்க வாயில அது ஷத்ரஞ்ச் ஆச்சு. காய்களோட பேரும் மாறிச்சு. ராஜாவுக்குப் பாரசீகத்துல ஷா. எதிராளியோட ராஜாவுக்கு ஆபத்து வந்தா, விளையாடுறவர் வாய்விட்டு ஷான்னு சொல்லணும். ராஜா, உனக்கு ஆபத்து, பார்த்துக்கோன்னு ஒரு எச்சரிக்கை. ராஜா தப்பிக்க வழியே இல்லைன்னா ஷா மாத். இந்த மாத்துக்கு ரெண்டு விளக்கம் சொல்றாங்க. அரபில இறந்துபோனார்னு ஒரு அர்த்தம். பாரசீகத்துல திக்கற்று நிக்கிறார்னு இன்னொரு அர்த்தம். ரெண்டாவதுதான் விளையாட்டுக்குப் பொருந்துது. ஏன்னா சதுரங்கத்துல ராஜாவை யாரும் வெட்டுறதே இல்லை. நகர இடம் இல்லாம நிக்க வைக்கிறதோட ஆட்டம் முடிஞ்சிடும்.

அரபுகள் வழியா விளையாட்டு ஐரோப்பாவுக்குப் போச்சு. லத்தீன்ல ஷா, ஸ்காக்குஸ் ஆச்சு. பழைய பிரெஞ்சுல எஷெக். இங்கிலாந்துக்கு வந்தப்போ முன்னாடி இருந்த எகரம் உதிர்ந்து செக் ஆச்சு. பிரெஞ்சுக்காரங்க அதே சொல்லோட பன்மையை விளையாட்டுக்குப் பேரா வெச்சாங்க. அதுதான் ஆங்கிலத்துல செஸ். அதாவது செஸ்ங்கிறது செக்கோட பன்மை. அந்த விளையாட்டோட பேருக்கு நேர் அர்த்தம் ராஜாக்கள்.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. ஷான்னா ராஜா. எல்லாருக்கும் மேல இருக்கிறவர். ஆனா ஆட்டத்துல அந்தச் சொல் ராஜா மாட்டிக்கிட்டப்போதான் வாயில வருது. அதனால ஐரோப்பிய மொழிகள்ல அந்தச் சொல்லோட அர்த்தமே தலைகீழா மாறிப் போச்சு. பிரெஞ்சுல இன்னைக்கும் எஷெக்னா தோல்வி. ஆங்கிலத்துல செக்னா நிறுத்து, தடு, அடக்கு. ராஜான்னு அர்த்தம் தர்ற சொல், ராஜாவையே தடுக்கிற சொல்லா மாறிடுச்சு. இதை நினைவுல வெச்சுக்குங்க, கடைசியில திரும்ப வரும்.

மேசைமேல் விரித்த துணி

இப்போ 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குப் போவோம். முதலாம் ஹென்றி 1100லிருந்து 1135 வரைக்கும் ஆட்சி செஞ்சார். நாடு முழுக்க மாவட்டம் மாவட்டமா ஷெரீஃப்னு ஒரு அதிகாரி. ராஜாவுக்குச் சேர வேண்டிய வருமானத்தை வசூல் பண்றது அவர் வேலை. நம்ம ஊர்ல ஜில்லா கலெக்டர்ங்கிற பதவியே வரி வசூலிக்கிறவர்ங்கிற அர்த்தத்துல வந்ததுதானே, அந்த மாதிரி.

வசூல் பண்றவர் ஒழுங்கா கணக்குக் காட்டுறாரான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? அதுக்கு ஒரு ஏற்பாடு. வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஈஸ்டர் சமயத்துலயும் செப்டம்பர் 29ஆம் தேதி வர்ற மைக்கேல் திருநாள் சமயத்துலயும் ஷெரீஃப்கள் வந்து ராஜாவோட அதிகாரிகள் முன்னாடி உட்காரணும். ஈஸ்டருக்குப் பாதிப் பணம், மைக்கேல் திருநாளுக்கு முழுக் கணக்கு.

அந்த விசாரணை எப்படி நடந்ததுன்னு நமக்கு நல்லாவே தெரியும். ஏன்னா ராஜாவோட கஜானா அதிகாரியா இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், 1170களோட கடைசியில இதைப் பத்தி லத்தீன்ல ஒரு புத்தகமே எழுத ஆரம்பிச்சார். ஆசிரியரும் மாணவரும் பேசிக்கிற மாதிரி, கேள்வி பதிலா எழுதின புத்தகம்.

அவர் சொல்ற மேசை பத்தடி நீளம், அஞ்சடி அகலம். மேல வைக்கிறது உருண்டு விழாம இருக்க, நாலு விரல் உயரத்துக்குச் சுத்திலும் விளிம்பு. மேல ஒரு கறுப்புத் துணி. துணியில ஒரு சாண் இடைவெளி விட்டுக் கோடுகள். அந்தக் கோடுகளுக்கு நடுவுல காசு மாதிரி வட்ட வில்லைகளை அடுக்குவாங்க. ஒரு பத்தி பென்னிக்கு, அடுத்தது ஷில்லிங்குக்கு, அடுத்தது பவுண்டுக்கு, அப்புறம் இருபது பவுண்டு, நூறு பவுண்டு, ஆயிரம் பவுண்டு. ஷெரீஃப் எவ்வளவு கட்டணுமோ அது ஒரு வரிசை. அவர் கட்டினது கீழே இன்னொரு வரிசை. ரெண்டையும் கழிச்சா மிச்சம் என்னன்னு எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

ஏன் இவ்வளவு சிரமம், பேப்பர்ல எழுதிக் கழிச்சா ஆகாதான்னு தோணலாம். ரெண்டு காரணம். அப்போ இங்கிலாந்துல எழுதினது ரோமன் எண்கள். அதுல இடமதிப்பும் இல்லை, பூஜ்யமும் இல்லை. எழுதி வைக்க முடியும், எழுதியே கூட்டிக் கழிக்கிறது பெரும்பாடு. நம்ம பழைய தமிழ் எண்கள்லயும் பத்துக்கு ஒரு குறி, நூத்துக்கு ஒரு குறி, ஆயிரத்துக்கு ஒரு குறின்னு தனித்தனியா இருந்தது ஞாபகம் இருக்கலாம். துணியில கோடு போட்டுட்டா இடமதிப்பு தானா வந்துடுது. ஒரு பத்தி காலியா இருந்தா அதுதான் பூஜ்யம். ரெண்டாவது காரணம், பல ஷெரீஃப்களுக்கு லத்தீன் படிக்கத் தெரியாது. ஏட்டுல என்ன எழுதினாங்கன்னு அவங்களால சொல்ல முடியாது. ஆனா வில்லையை எண்ண முடியும். கணக்கைப் பத்தி ரெண்டு தரப்புக்கும் சந்தேகம் வரக்கூடாதுன்னா, ரெண்டு தரப்பும் பார்க்கிற மாதிரி அது நடக்கணும்.

கோடு போட்ட துணி, மேல காய்கள். பார்க்கிறவங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சதுரங்கப் பலகை. லத்தீன்ல பலகைக்கு ஸ்காக்காரியும். பிரெஞ்சுல எஷெக்கியே. அதனால அந்த அலுவலகத்துக்கே அந்தப் பேரு வந்துடுச்சு. ஃபிட்ஸ்நீல் இன்னொரு காரணமும் சொல்றார். சதுரங்கத்துல ரெண்டு படை மோதுற மாதிரி, இங்கே கஜானா அதிகாரியும் ஷெரீஃபும் மோதுறாங்க, மத்தவங்க நடுவரா உட்கார்ந்து பார்க்கிறாங்கன்னு.

அந்தப் பேரு இன்னும் சாகலை. பிரிட்டன்ல நிதி அமைச்சருக்கு இன்னைக்கும் சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்னுதான் பேரு. அந்த முன்னாடி இருக்கிற எக்ஸ் ஒரு தப்புல வந்தது. இது லத்தீன் எக்ஸ்ல தொடங்குற சொல்லா இருக்கும்னு நினைச்சு யாரோ சேர்த்த எழுத்து அப்படியே நின்னுடுச்சு. பிரதமரோட கிராமத்து மாளிகைக்குச் செக்கர்ஸ்னு பேரு. 12ஆம் நூற்றாண்டுல அந்த நிலம் எக்ஸ்செக்கர்ல வேலை பார்த்த ஒருத்தர்கிட்ட இருந்ததால அந்தப் பேரு வந்திருக்கலாம்னு சொல்றாங்க.

இரண்டாகப் பிளந்த குச்சி

சரி, ஷெரீஃப் ஈஸ்டருக்குப் பாதிப் பணம் கட்டிட்டார். ரசீது வேணும். அதுக்குத்தான் டாலின்னு ஒரு குச்சி. பெரும்பாலும் ஹேசல் மரத்துக் குச்சி. அதுல வெட்டு போடுவாங்க. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலம். நூத்துக்குக் கட்டைவிரல் அகலம். இருபதுக்குச் சுண்டுவிரல் அகலம். ஒரு பவுண்டுக்கு விளைஞ்ச வாற்கோதுமை மணி அளவு. ஷில்லிங்குக்கு அதை விடச் சின்னது. பென்னிக்கு மரத்துண்டு உதிராம வெறும் கத்திக் கீறல்.

வெட்டு போட்டதும் குச்சியை நீளவாக்குல ரெண்டாப் பிளப்பாங்க. ரெண்டு பாதியிலயும் அதே வெட்டு இருக்கும். பணம் கட்டினவருக்கு ஒரு பாதி, அலுவலகத்துக்கு ஒரு பாதி. ஆறு மாசம் கழிச்சு வந்தா ரெண்டையும் சேர்த்துப் பார்க்கணும். ஷெரீஃப் தன் பாதியில கூடுதலா ஒரு வெட்டு போட்டாலும் மாட்டிப்பார். அலுவலகத்துல இருக்கிறவர் ஒரு வெட்டைச் சீவினாலும் மாட்டிப்பார். மரத்தோட ரேகை ஒவ்வொண்ணுக்கும் ஒரு மாதிரி, வேற குச்சியைக் கொண்டுவந்து பொருத்தவும் முடியாது.

இந்தக் குச்சி முறை 1826 வரைக்கும் நீடிச்சது. நிறுத்தின பிறகு, சேர்ந்து கிடந்த பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16ஆம் தேதி பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த அடுப்புகள்ல போட்டு எரிச்சாங்க. ரெண்டு வண்டிச் சுமை. புகைக்குழாய் சூடேறி, சாயங்காலம் கட்டடமே பத்திக்கிச்சு. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தோட பெரும்பகுதி அன்னைக்கு ராத்திரி சாம்பலாச்சு. ஓவியர் டர்னர் அந்தத் தீயை ரெண்டு பெரிய ஓவியமா வரைஞ்சார். இன்னைக்கு நாம லண்டன் படங்கள்ல பார்க்கிற நாடாளுமன்றக் கட்டடம் அதுக்குப் பிறகு கட்டினது. வேண்டாத ரசீதைக் கொளுத்தப் போய் வீட்டைக் கொளுத்தின கதை.

குச்சி போச்சு, ஆனா அதோட யோசனை போகலை. ஒரே விஷயத்துக்கு ரெண்டு பாதி, ரெண்டையும் பொருத்திப் பார்த்தா உண்மை தெரியும். செக்ங்கிற சொல் தடுக்கிறதுங்கிற அர்த்தத்திலிருந்து சரிபார்க்கிறதுங்கிற அர்த்தத்துக்கு இந்த வழியாத்தான் நகர்ந்தது. ஏமாத்துறதைத் தடுக்கணும்னா ஒப்பிட்டுப் பார்க்கணும். 17ஆம் நூற்றாண்டோட பிற்பகுதியில ஆங்கிலத்துல இந்த அர்த்தம் நிலைச்சிடுச்சு. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க ரயில்கள்ல மூட்டைக்கு ஒரு பித்தளை வில்லை, பயணிக்கு அதே எண் போட்ட இன்னொரு வில்லை கொடுத்தாங்க. அதுக்கும் பேரு செக். உணவு விடுதியில பில்லுக்குச் செக்னு பேரு வந்ததும், சரிபார்த்ததுக்கு அடையாளமா போடுற டிக் குறியை அமெரிக்கர்கள் செக்னு சொல்றதும் இந்தக் கிளைதான்.

வங்கிச் செக்குக்கு இரண்டு பிறப்புக் கதை

இப்போ எல்லாரும் கேட்கிற கேள்வி. வங்கிச் செக் எங்கேயிருந்து வந்தது? இதுக்கு இணையத்துல ரெண்டு கதை சுத்துது. வாட்ஸ்அப்ல வர்ற கதை பெரும்பாலும் முதல் கதை.

முதல் கதைப்படி, இது அரபுச் சொல். அரபில ஸக்னு ஒரு சொல் இருக்கு. பணம் கொடுக்கச் சொல்லி எழுதித் தர்ற பத்திரம். அப்படி ஒரு பழக்கம் இருந்ததுல சந்தேகமே இல்லை. 10ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல், சஹாரா பாலைவனத்தோட தென்கோடியில இருந்த ஒரு வணிக நகரத்துல 42,000 தினாருக்கான ஸக் ஒண்ணைப் பார்த்ததா எழுதி வெச்சிருக்கார். ஒலியும் ஒத்து வருது, அர்த்தமும் ஒத்து வருது. அப்போ ஸக்தான் செக் ஆச்சுன்னு சொல்லிடலாமா?

இங்கேதான் நிதானம் வேணும். ஒரு பொருள் முன்னாடியே ஒரு ஊர்ல இருந்ததுங்கிறது வேற, அந்தப் பொருளோட பேரு அங்கேயிருந்து வந்ததுங்கிறது வேற. பேரோட வழியைப் பார்க்கணும்னா, ஒவ்வொரு காலத்துலயும் அந்தச் சொல்லை எப்படி எழுதினாங்க, எதைக் குறிக்க எழுதினாங்கன்னு பார்க்கணும். இங்கிலாந்துல 17ஆம் நூற்றாண்டுலயே வங்கியாளர்களுக்கு இந்த மாதிரிச் சீட்டு எழுதிக் கொடுத்தாங்க. ஆனா அதைச் செக்னு சொல்லலை. செக்ங்கிற சொல் வங்கித் தொழிலுக்குள்ள வந்தது 18ஆம் நூற்றாண்டோட தொடக்கத்துல. அப்போ அது குறிச்சது நாம கிழிச்சுக் கொடுக்கிற சீட்டை இல்லை, கிழிச்ச பிறகு நம்மகிட்ட மிச்சம் நிக்கிற துண்டை. அதாவது அடிக்கட்டையை. போலிச் சீட்டு வந்தா அடிக்கட்டையோட பொருத்திப் பார்த்துத் தடுக்கலாம், அதனால அதுக்குப் பேரு செக். கொஞ்ச காலம் கழிச்சு, அடிக்கட்டை உள்ள சீட்டுக்கும் அதே பேரு ஒட்டிக்கிச்சு.

ஆக, வங்கிச் செக் குச்சியோட வாரிசு. அரபு ஸக் அதுக்கு முன்னோடி, ஆனா பெத்த தாய் இல்லை. ஆங்கிலேயர் பிற்பாடு எக்ஸ்செக்கர்ங்கிற சொல்லைப் பார்த்து, இதையும் க்யூ எழுத்து போட்டு எழுத ஆரம்பிச்சாங்க. அமெரிக்கர்கள் பழைய எழுத்தையே வெச்சுக்கிட்டாங்க. நாம பிரிட்டிஷ் வழி.

நம்ம மொழியில இதுக்கு ஒரு அழகான ஒத்துமை இருக்கு. ரசீதுப் புத்தகத்துல மிச்சம் இருக்கிற பகுதிக்கு நாம அடிக்கட்டைன்னு சொல்றோம். மரத்தை வெட்டின பிறகு நிக்கிறதும் அடிக்கட்டைதான். ஆங்கிலத்துல அதுக்குச் சொல்ற ஸ்டப்ங்கிற சொல்லுக்கும் அடிமரம்னுதான் முதல் அர்த்தம். செக்குக்கு நாம வெச்ச தமிழ்ப் பேரோ காசோலை. காசுக்கான ஓலை. அவங்க மரக்குச்சியிலிருந்து காகிதத்துக்கு வந்தாங்க, நாம பனையோலையிலிருந்து வந்தோம். ரெண்டு பக்கமும் பழைய பொருளோட பேரு புதுப் பொருள்மேல ஒட்டிக்கிட்டு நிக்குது.

காசுன்னதும் இன்னொண்ணு. ஒலி ஒத்துமையை வெச்சு முடிவு பண்ணக்கூடாதுங்கிறதுக்கு அதுவே நல்ல உதாரணம். ஆங்கிலத்துல கேஷ்னு ரெண்டு சொல் இருக்கு. ஒண்ணு ரொக்கம். அது பணப்பெட்டிங்கிற அர்த்தம் தர்ற பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. இன்னொண்ணு, ஆசியாவுல புழங்கின சின்ன நாணயங்களுக்கு ஆங்கிலேயர் வெச்ச பேரு. அது நம்ம காசுதான், போர்ச்சுகீசியர் வாய் வழியா ஆங்கிலத்துக்குப் போனது. எழுத்து ஒண்ணு, ஒலி ஒண்ணு, பிறப்பு ரெண்டு. கேஷ் எல்லாமே தமிழ்தான்னு சொன்னாலும் தப்பு, தமிழுக்குச் சம்பந்தமே இல்லைன்னு சொன்னாலும் தப்பு. அதே மாதிரி எண்ணெய் ஆட்டுற செக்குக்கும் இந்தச் செக்குக்கும் ஒலியைத் தவிர ஒரு உறவும் இல்லை. செக் குடியரசும் தனிக் குடும்பம்.

கட்டம் போட்ட சட்டை

சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் இருந்ததால துணிக்கும் செக்னு பேரு வந்தது. இந்தக் கிளையில நம்ம கடற்கரைக்குப் பெரிய பங்கு உண்டு. சோழமண்டலக் கரையில நெய்த கட்டம் போட்ட பருத்தித் துணி பல நூற்றாண்டுகளா கப்பல் ஏறியிருக்கு. மலேசியாவுல கட்டம் போட்ட கைலிக்கு இன்னைக்கும் காயின் பெலிகாட்னு பேரு. பெலிகாட்னா நம்ம பழவேற்காடு. அங்கேயிருந்து போன துணி, ஊர்ப் பேரையும் சுமந்துக்கிட்டுப் போச்சு. நைஜீரியாவுல இந்தியாவிலிருந்து போன ஒரு வகைத் துணிக்கு ஜார்ஜ்னு பேரு. அது சென்னை புனித ஜார்ஜ் கோட்டையோட பேரு. நைஜர் கழிமுகத்துல வாழ்ற கலபாரி மக்கள், மெட்ராஸ் கட்டத் துணியிலிருந்து குறிப்பிட்ட நூல்களை மட்டும் வெட்டி உருவி, புது வடிவம் கொண்டுவந்து, சடங்குகளுக்கு உடுத்துறாங்க.

1950களோட கடைசியில அமெரிக்காவுல மெட்ராஸ் செக்ஸ் சட்டை பெரிய மோகமா இருந்தது. அந்தத் துணியில சாயம் போகும். பின்னாடி லீலா ஹோட்டல்களைத் தொடங்கின கேப்டன் கிருஷ்ணன் நாயர், அப்போ அந்தத் துணியை ஏற்றுமதி செஞ்சவர். சாயம் போறதா புகார் வந்தப்போ, அதையே பெருமையாக்கி, துவைக்கத் துவைக்கப் புது நிறம் காட்டும் துணின்னு விளம்பரம் செஞ்சு வித்தாங்கங்கிறது அவரைப் பத்தி அடிக்கடி சொல்ற கதை.

செக் என்றால் நம்பிக்கையா, சந்தேகமா?

இவ்வளவு தூரம் வந்த பிறகு எல்லாத்தையும் ஒண்ணா வெச்சுப் பார்ப்போம். பலகை, துணி, குச்சி, அடிக்கட்டை. எல்லாத்துக்கும் பொதுவா ஒண்ணு இருக்கு. ஒரு பக்கம் மட்டும் வெச்சிருக்கிற கணக்கு கணக்கு இல்லை. ஷெரீஃப்கிட்ட ஒரு பாதி, ராஜாகிட்ட ஒரு பாதி இருந்தாத்தான் அது செக். பலசாலிகிட்ட மட்டும் சாட்சி இருந்தா, அதுக்குப் பேரு மிரட்டல்.

இது பழைய கதை இல்லை. நம்ம ஊர்ல அவசரத்துக்கு வட்டிக்குப் பணம் வாங்குறவங்க, கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுச் செக்கைக் கொடுத்துட்டு வர்றாங்க. தேதி இல்லை, தொகை இல்லை, பேரு இல்லை. அடிக்கட்டையில எழுதவும் ஒண்ணும் இல்லை. 1881ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்துல, 1988ல சேர்த்த 138ஆம் பிரிவுப்படி, பணம் இல்லாம செக் திரும்பினா அது குற்றம். ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை, இல்லைன்னா செக் தொகையைப் போல ரெண்டு மடங்கு வரைக்கும் அபராதம், இல்லைன்னா ரெண்டும். வெற்றுச் செக்கை இன்னொருத்தர் நிரப்பியிருந்தாலும், தானா மனசார கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுன்னா, அது கடனுக்காகக் கொடுத்ததுன்னுதான் சட்டம் அனுமானிக்கும், இல்லைன்னு காட்டுற பொறுப்பு கையெழுத்துப் போட்டவருக்குன்னு உச்ச நீதிமன்றம் 2019ல சொல்லியிருக்கு. 2019 கடைசியில நாடு முழுக்க நிலுவையில இருந்த இந்தப் பிரிவு வழக்குகள் 35 லட்சத்துக்கும் மேல.

எழுதப் படிக்கத் தெரியாத ஷெரீஃப் கையில கூட ஒரு பாதிக் குச்சி இருந்தது. படிச்ச நாம கையில ஒண்ணுமே வெச்சுக்காம கையெழுத்துப் போட்டுட்டு வர்றோம். கொடுத்தே ஆகணும்னா தொகையும் தேதியும் பேரும் எழுதிக் கொடுங்க. செக் புத்தகத்துல இருக்கிற பதிவுப் பக்கத்துல எழுதி வைங்க. எதுக்காகக் கொடுத்தீங்கன்னு எதிராளிகிட்ட ஒரு வரி எழுதி வாங்கிக்குங்க. அந்தப் பதிவுதான் உண்மையிலேயே செக். கிழிச்சுக் கொடுத்த சீட்டுக்கு அந்தப் பேரு பின்னாடி வந்தது.

முதல்ல நினைவுல வெச்சுக்கச் சொன்னதுக்கு வர்றேன். அரசியல்ல செக்ஸ் அண்ட் பேலன்சஸ்னு ஒரு தொடர் உண்டு. 1787ல எழுதின அமெரிக்க அரசியல் சாசனம் அதுக்குப் பேர்போன உதாரணம். நாடாளுமன்றம் சட்டம் போட்டா குடியரசுத் தலைவர் தடுக்கலாம். அவர் தடுத்தா, ரெண்டு அவையிலயும் மூணுல ரெண்டு பங்கு வாக்கு வாங்கி அதை மீறலாம். யாரும் யாருக்கும் கட்டுப்படாம இருக்க முடியாது. இந்த யோசனைக்கு வெச்ச பேரு ராஜாங்கிற சொல்லிலிருந்து வந்திருக்குங்கிறது எனக்குப் பொருத்தமாத்தான் படுது. ஆட்டத்துல எல்லா அதிகாரமும் ஒருத்தரைச் சுத்தித்தான் நிக்குது. ஆனா அவரைப் பார்த்து ஒரு சாதாரணச் சிப்பாய் கூட செக் சொல்ல முடியும். சொன்னா ராஜா பதில் சொல்லியே ஆகணும். கவனிக்காம வேற காயை நகர்த்த விதியில இடமே இல்லை.

அடுத்த எபிசோட்ல நம்ம சொல் ஒண்ணு, உண்டியல். கோயில்ல காணிக்கை போடுறதும் உண்டியல், செட்டியார்கள் ஊர் விட்டு ஊர் பணம் அனுப்பின சீட்டும் உண்டியல். அது எப்படின்னு பேசுவோம். உங்க வீட்டுப் பழைய பெட்டியில அந்த மாதிரி சீட்டோ, ரசீது அடிக்கட்டையோ இருந்தா எழுதுங்க. அதுவரைக்கும், கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை செக் பண்ணிக்குங்க.